ஆம்பளைக் குடை

போன வாரம் விழுப்புரம் கடைத்தெருவில் குடை வாங்கப் போனேன். வீட்டில் இருக்கும் குடைக்குக் கம்பி முறிந்து, விரித்தால் ஒரு பக்கம் ஆட்டுக் காது மாதிரித் தொங்குகிறது. கடையில் இருந்த பெண்ணுக்கு இருபது வயசு இருக்கலாம். ஒரு முழம்கூட நீளம் இல்லாத எதையோ என் கையில் கொடுத்து, "பட்டன அமுக்குங்கம்மா" என்றாள். அமுக்கினேன். படக்கென்று கடைக்குள்ளேயே விரிந்து, மேலே கட்டித் தொங்கவிட்டிருந்த பிளாஸ்டிக் வாளிகளை இடித்துத் தள்ளியது. பதறிப்போய் அதை மடக்கப் பார்த்தேன். எங்கே அமுக்குவது, எதை இழுப்பது என்று தெரியாமல் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும்மா. பிரிச்சே வெச்சி நல்லா பாருங்க. மடக்கறதுக்கு என்னா அவசரம்?" என்றாள்.

அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். நைலான் துணிக்கு ஒரு வாசனையும் கிடையாது. ஆனால் என் மூக்குக்கு அந்தக் காலத்துப் புதுக் குடையின் வாசனை அடித்தது. கறுப்புச் சாயமும் கஞ்சியும், கம்பிக்குப் போட்ட எண்ணெயும் கலந்த வாசனை அது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சாமான் பைத்தியம் உண்டு. நகை, பட்டுப்புடவை என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் கையில் எடுக்கிற சாமான்களின் மேல்தான் பைத்தியம். நல்ல கத்தரிக்கோல், நின்ற இடத்தில் சாயாத பை, மூடி இறுக்கமாக உட்காருகிற டப்பா. இப்படி ஒன்று கிடைத்துவிட்டால் ஒரு வாரத்துக்கு அதையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். காரணம் இருக்கிறது. கிளியனூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் சேரி வீட்டில், ஆளுக்கென்று தனியாக ஒரு பொருளும் கிடையாது. சீப்பு ஒன்றுதான், போர்வை ஒன்றுதான். கேப்பைக் கூழ் குடிக்கிற சட்டியைக்கூட ஒருவர் குடித்து முடித்த பிறகுதான் அடுத்தவர் கழுவி எடுக்க முடியும். 'இது என்னுடையது' என்று சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்கு வெகுநாள் தெரியாது.

அது தெரிந்தது விழுப்புரத்தில்தான். ஜப்பான்காரனும் சேர்ந்துகொண்ட அந்தப் பெரிய உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு அங்கே மருத்துவச்சிப் படிப்புப் படித்தேன். பாதிரியார் ஒருவர் சிபாரிசில் கிடைத்த இடம். படிப்பு முடிந்ததும், பிரசவச் சாமான்களை வைத்துக்கொள்ள ஆளுக்கொரு பை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கு நான் பட்ட பாடு, என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தவர்கள்கூடப் பட்டிருக்கமாட்டார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாம் தகரப் பெட்டி வாங்கினார்கள். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் உள்ளே எல்லாம் டங் டங்கென்று உருளும், இன்ன வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது என்று ஊருக்கே தெரிந்துபோகும். தோல் பை அழகுதான், ஆனால் மழைக்காலத்தில் பூசணம் பூத்துவிடும். கடைசியில் கித்தான் துணியில் ஒரு பை தைக்கக் கொடுத்து, அடியில் ஒரு பலகையையும் வைத்துத் தைக்கச் சொன்னேன். கீழே வைத்தால் பூனை உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். உள்ளே ஏழெட்டுச் சின்னப் பைகள். கை கழுவுகிற லைசால் மருந்துப் புட்டி வலப்பக்கம், கத்தரிக்கோல் இடப்பக்கம், நூல் கண்டு நடுவில். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் வேண்டியது வரும். இன்றைக்கும் லைசால் வாசனை எங்கேயாவது அடித்தால் என் வலது கை தானாகக் கொஞ்சம் நீளும்.

அப்புறம் கடியாரம். நாடி பார்ப்பதற்காக நெஞ்சில் குத்திக்கொள்கிற கடியாரம் அது. முகம் தலைகீழாகத் தொங்கும், குனிந்து பார்க்கிறவளுக்கு மட்டும் நேராகத் தெரியும். இதை விளக்கிச் சொல்லியே எனக்குப் பாதி ஆயுசு போயிற்று. "ஏம்மா, கடியாரத்தத் தலகீழா மாட்டிக்கினு சுத்தறியே, யாரும் சொல்லலியா?" என்று போகிற இடத்தில் எல்லாம் ஒருத்தியாவது கேட்பாள்.

இதெல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. நானே கண்டுபிடித்த சாமான் ஒன்றும் உண்டு, அதைப் பற்றித்தான் எனக்குப் பெருமை அதிகம். என் பையின் கைப்பிடியில் ஒரு கயிறு தொங்கும். எந்தெந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாளோ அந்த வீட்டுக்கு ஒரு நூலை அதில் முடிந்துகொள்வேன். மாசம் நெருங்கினவளுக்குச் சிவப்பு நூல், முதல் பிரசவத்துக்குப் பச்சை, முந்தின தடவை கஷ்டப்பட்டவளுக்கு மஞ்சள். காலையில் கிளம்பும்போது கயிற்றைத் தடவினாலே அன்றைக்கு எங்கே போகவேண்டும் என்று தெரிந்துவிடும். தாயும் பிள்ளையும் நல்லபடியாகத் தேறி, இனி நான் வரவேண்டாம் என்கிற நாளில் அந்த முடிச்சை அவிழ்ப்பேன். அதில் இருக்கிற சுகம் சம்பளத்தில்கூடக் கிடையாது. "என்னாம்மா இது, பாவாடை நாடாவையா பையில கட்டிக்கினு வர்ற?" என்று ஒரு கிழவி கேட்டாள். ஆமாம் பாட்டி, பத்திரமாக இருக்கட்டும் என்றேன்.

வேலையும் எங்கள் ஊர்ப்பக்கமே கிடைத்தது. ஜில்லா போர்டு மருத்துவச்சி. சுற்றுப்பட்ட ஊர்களுக்கு நடந்தே போகவேண்டும். மாசத்துக்கு ஒரு முறை திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போய் லேடி டாக்டரிடம் கணக்குச் சொல்லிவிட்டு வரவேண்டும். பை இருந்தது, கடியாரம் இருந்தது, முடிச்சுக் கயிறு இருந்தது. இல்லாதவை இரண்டு. குடையும் செருப்பும்.

வாங்க முடியாமல் இல்லை. வாங்கி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. எங்கள் ஊர்த்தெருவின் முனையில் ஒரு புங்கமரம் இருந்தது. அதுவரைக்கும் நாங்கள் எப்படி வேண்டுமானாலும் வரலாம். மரத்தடிக்கு வந்ததும் சேரிக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிடவேண்டும், குடை இருந்தால் மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளவேண்டும். இப்படி எங்கும் எழுதிப் போட்டிருக்கவில்லை. எழுதியிருந்தால் படிக்கத் தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். மரத்தடியில் எப்போதும் நாலைந்து ஜோடி கிடக்கும், திரும்பி வரும்போது மாட்டிக்கொண்டு போவார்கள். பெரும்பாலானவர்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று செருப்பு வாங்கவே இல்லை. என் அப்பா அந்த ரகம். ஊர்த்தெருவின் பெரிய வீட்டில் அவர் படியாள், நெல்லைக் கூலியாக வாங்குகிற பண்ணையாள். அந்த வீட்டுக்காரரை நாங்கள் ஆண்டை என்போம். நானும் மருத்துவச்சி ஆன பிறகு வெறுங்காலோடுதான் தெருவுக்குள் போய்வந்தேன். பிள்ளை பிறக்கிற அறைக்குள் நான் நுழையலாம், அவர்கள் வீட்டு ரத்தத்தில் கை வைக்கலாம். என் செருப்பு மட்டும் தெருவுக்குள் வரக்கூடாது.

ஒரு சித்திரை மாசம், திண்டிவனத்தில் லேடி டாக்டர் என் காலைப் பார்த்துவிட்டார். கருவேல முள் குத்திச் சீழ் வைத்திருந்தது.

"இந்தக் காலோட எத்தனை வீட்டுக்குப் போன?"

நான் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குச் சீழும் சாணியுமா போவியா? செருப்பு போட்டுக்கிட்டுத்தான் நடக்கணும். அடுத்த மாசமும் வெறுங்காலோட வந்தா வேற ஆளைப் போட்டுடுவேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. செருப்புப் போடாவிட்டால் என் வேலை போகும். போட்டால் அப்பாவின் வேலை போகும். திண்டிவனத்திலிருந்து திரும்புகிற வழியெல்லாம் இதையே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு வந்தேன். கடைசியில், முதலில் வாங்கிவிடலாம், எங்கே கழற்றுவது என்று அப்புறம் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். இந்தப் புத்தி எனக்கு இன்றும் மாறவில்லை. கையில் காசும் மனசில் குழப்பமும் இருந்தால் எதையாவது வாங்கிவிடுவேன்.

நல்ல சாமான் வேண்டுமானால் அப்போது பாண்டிச்சேரிதான். பிரெஞ்சுக்காரன் ஊர், வரி கிடையாது. அங்கே கோட்டக்குப்பத்துப் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். குடை, டார்ச் லைட்டு, செருப்பு, அத்தர், எல்லாம் ஒரே கடையில் கலந்து மணக்கும். அவர் அண்ணன் தம்பிகள் சைகோனிலும் பினாங்கிலும் இருந்தார்கள், அதனால் அங்கே இல்லாத சாமான் இல்லை. செருப்பு சீக்கிரம் முடிந்தது. வந்ததோடு வந்ததாக வாங்கிவிடலாம் என்று நினைத்த குடைதான் மத்தியானம் வரை இழுத்தது. ஒவ்வொன்றையும் விரித்து வெயிலுக்கு நேரே பிடித்து, துணியில் பொத்தல் தெரிகிறதா என்று பார்த்தேன். கம்பியை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தேன். பிடியைப் பிடித்து நாலு அடி நடந்து பார்த்தேன்.

"தங்கச்சி, கொடைதானே வாங்க வந்தே, மாடு வாங்கலியே?" என்றார் பாய். பூப்போட்ட, சின்னதான ஜப்பான் பொம்பளைக் குடை ஒன்றை எடுத்துக் காட்டினார். "இது ஒனக்கு ஷோக்கா இருக்கும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. மூலையில் பிரம்புப் பிடி போட்ட ஒரு பெரிய கறுப்புக் குடை இருந்தது. கனமான குடை. விரித்தால் கடையில் பாதி இருட்டாகிவிட்டது.

"அது ஆம்பளக் கொடைம்மா."

"இதுல ரெண்டு பேரு போலாமே பாய்."

"ரெண்டாவது ஆளு யாரு?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டிவரும் என்று உளறினேன். அவர் சிரித்துக்கொண்டே கட்ட ஆரம்பித்தவர், நிறுத்தி, கயிற்றை அவிழ்த்துவிட்டார். "இப்பிடிக் கட்டிக்கினு போனா சாவடியில வரி தீட்டிடுவான். செருப்ப மாட்டிக்கினு மண்ணுல நல்லா தேச்சி நட. கொடைய விரிச்சிப் புடி. மூடிக்கினு போனா புதுசு, தொறந்துக்கினு போனா பழசு. அம்மாந்தான் சட்டம்."

பிரெஞ்சு எல்லையைத் தாண்டி இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் நுழையும் இடத்தில் சுங்கச் சாவடி. பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். புதுச் சாமானுக்கு வரி, உபயோகித்த சாமானுக்குக் கிடையாது. அதனால் பாண்டிச்சேரி போய் வருகிற எங்கள் பக்கத்து ஜனங்களின் கோலத்தைப் பார்க்கவேண்டுமே! கொளுத்துகிற சித்திரை வெயிலில் ஒருவர் மூன்று சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று போட்டுக்கொண்டு வியர்த்து வழிய நின்றார். ஓர் அம்மாள் புதுத் தூக்குச் சட்டிக்குள் தயிர்சாதத்தைப் போட்டு, ஓரத்திலும் கொஞ்சம் அப்பி வைத்திருந்தாள். நான் அழுக்காக்கிய புதுச் செருப்போடு, விரித்த குடையின் கீழே, கலியாணப் பெண் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றேன். சிப்பாய் என் பையைக் கிளறிப் பார்த்தான். லைசால் வாசனைக்கு முகத்தைச் சுளித்து, குடையை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போ என்று கையைக் காட்டினான்.

நான் குடையை மடக்கப்போனேன். தயிர்சாதத்து அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடிராதம்மா! மப்டியில ஒரு ஆளு நம்ம கூடவே வருவான். கிளியனூரு தாண்டற வரைக்கும் பாத்துக்கினே இருப்பானாம். மூடுனா புதுசுன்னு புடிச்சிக்குவான். அப்பறம் பேஜாரு."

நிஜமாகவே அப்படி ஓர் ஆள் இருந்தானோ இல்லையோ, எங்கள் பக்கத்தில் எல்லோரும் அதை நம்பினோம். பஸ்ஸுக்குள் குடையைப் பாதி விரித்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரைக் கம்பியால் குத்தியபடியே வந்தேன். என் நிறுத்தத்தில் இறங்கியதும் முழுசாக விரித்தேன். எனக்குப் பின்னால் ஒரு வாலிபனும் இறங்கினான். காக்கி நிக்கர், ஒட்ட வெட்டின தலை, தோளில் பை. என் குடையையே பார்த்தான். இவன்தான் மப்டி என்று முடிவு கட்டிவிட்டேன்.

நான் வேகமாக நடந்தேன். அவனும் வேகமாக நடந்தான். எங்கள் சேரிக்கு வயல் வரப்பைச் சுற்றிக்கொண்டு போகிற வழி உண்டு. ஆனால் ஆளில்லாத வரப்பில் ஒரு சிப்பாய் பின்னால் வர, எந்தப் பெண் போவாள்? நேரே ஊர்த்தெருவுக்குள் நுழைந்தேன். புங்கமரம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. குடையை மூடினால் பிடித்துக்கொள்வான் என்கிற ஒரே பயம். ஒரு பயம் பெரிதாகி இன்னொரு பயத்தை மறக்கடித்துவிட்டது.

பாதித் தெருவில்தான் உறைத்தது. கேப்பை அரைத்துக்கொண்டிருந்தவளின் கல் எந்திரம் நின்றது. சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றினார். செருப்புச் சத்தம் என் காதுக்கே டப் டப்பென்று கேட்டது. பெரிய வீட்டிலிருந்து ஆண்டை வெளியே வந்தார். அவருடைய மகளுக்கு அன்றைக்கு விடிந்ததிலிருந்து வலியாம், தலைப்பிரசவம், என்னைத் தேடி ஆள் போயிருக்கிறது. எனக்கு எதுவும் தெரியாது.

"ஏய், சவரி மவதானே நீ? கொடைய விரிச்சிக்கினு, செருப்ப மாட்டிக்கினு, இது என்னா தெருன்னு நெனச்சி..."

அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் போயிற்று. கோபமாக இருந்த முகம் குழைந்து, "வாங்க மாப்ள! வாங்க, வாங்க" என்றது.

என் மப்டி சிப்பாய், ஆண்டையின் மருமகன். பாண்டிச்சேரியில் மில்லில் வேலை. பெண்டாட்டிக்கு வலி எடுத்த சேதி ஆள் மூலம் தெரிந்து வந்தவன். என் பையையும் கடியாரத்தையும் வைத்து ஆளைத் தெரிந்துகொண்டவன், மூச்சு வாங்க என்னிடம், "நர்ஸம்மா, ரோட்லேர்ந்து ஒங்களப் புடிக்கப் பாக்கறேன், ஓடறீங்களே! அதுக்கு எப்பிடி இருக்குது?" என்றான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்த மருமகன் முன்னால் மாமனார் குரலை உயர்த்தமாட்டார். அது தெருவில் அவிழ்த்துப்போட்டு நிற்பதற்குச் சமம். நான் கொல்லைப்பக்கமாக ஓடிக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

பிள்ளைக்குக் கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. மெதுவாக எடுத்துவிட்டு வெளியே கொண்டுவந்தேன். நீலம் பாரித்துக் கிடந்தது, அழவில்லை. நான் வாயைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், ஊதினேன். நெஞ்சில் தலைகீழாகத் தொங்கிய கடியாரத்தின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாள், ஆண்டையின் பெண்டாட்டி, விளக்கைப் பிடித்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அது அழுதது. பெண் குழந்தை. அந்த அம்மாள் விளக்கைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் கொல்லை வழியாகவே வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் அப்பா வந்தார். முகம் சரியில்லை.

"நாளைக்கு நீ கொடைய மடக்கிக்கினு, செருப்பக் கையில எடுத்துக்கினு வரணுமாம். இல்லன்னா மல்லாட்டை புடுங்க என்ன வர வேணாம்னுட்டாரு ஆண்டை."

"நைனா, செருப்பு போடலன்னா எனக்கு வேல கெடையாது. டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"அப்ப ஒன் கொடைக்கு நெழலு, எனக்கு வெயிலா?"

எனக்கு அழுகை வந்தது. அவர் எழுந்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்து, பிடியைத் தடவினார். வீட்டுக்குள்ளேயே விரித்தார். எங்கள் குடிசை முழுக்க அந்தக் குடைதான் இருந்தது. அதன் கீழே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆம்பளக் கொடை. நல்லாத்தான் கீது" என்றார். பிறகு மடக்கி, இருந்த இடத்திலேயே வைத்தார். போட்டுக்கொள் என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் மருமகன் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டான். நான் வெயில் ஏறிய பிறகு கிளம்பினேன். புங்கமரத்தடி வந்தது. வழக்கம்போல நாலு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. என் கை தானாகக் குடையின் கழுத்துக்குப் போனது. நேற்று பயத்தில் நடந்தது, இன்றைக்கு மறதி என்று சொல்ல வழியில்லை. காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். முள் குத்திய இடம் அப்போதுதான் ஆறிக்கொண்டு வந்தது. சரி என்று மரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர்க் குடத்தோடு ஊருக்குள் போன ஒரு பெண்ணிடம், "பெரிய வூட்ல சொல்லும்மா. நர்ஸு மரத்தடியில உக்காந்துக்கினு இருக்கா, தாயையும் புள்ளையையும் இங்க கூட்டிக்கினு வந்தா பாத்துட்டுப் போறேன்னு சொல்லு" என்றேன்.

பிள்ளை பெற்றவள் தீட்டு கழியாமல் வாசற்படி தாண்டக்கூடாது. இது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். கயிற்றில் அந்த வீட்டு முடிச்சை, சிவப்பும் பச்சையுமான முடிச்சை, அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தேன். அவிழ்த்துவிட்டு எழுந்து போய்விடலாமா? பிள்ளையின் தொப்புளைப் பார்க்கவேண்டும். தாய்க்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். பார்க்காமல் போனால் ராத்திரி தூக்கம் வராது. அப்பாவின் முகமும் கண் முன்னால் வந்து வந்து போயிற்று.

வெகுநேரம் கழித்து, தெருவில் ஓர் உருவம் ஓட்டமும் நடையுமாக வந்தது. அந்த வீட்டு அம்மாள். செருப்பு இல்லை. அந்தத் தெருவில் பெரிய வீட்டுப் பெண்களும் செருப்புப் போட்டதில்லை, வெளியே வந்தால்தானே போடுவதற்கு! புழுதி கொதித்தது. அவள் ஒரு காலை எடுத்து மறு காலின் மேல் வைத்து மாற்றி மாற்றி நின்றாள்.

"ஏம்மா, புள்ளைக்கு ராவெல்லாம் வவுறு இழுக்குது. நீ இங்க உக்காந்துக்கினு இருக்கியே."

"செருப்பக் கழட்டிட்டு வர எனக்கு உத்தரவு இல்லைங்கம்மா."

அவள் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டு வாசலில் ஆண்டை நின்றுகொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"யப்பா, என்னா சூடு! கொடைய விரி. ஜல்தி வா, போலாம்."

விரித்தேன். அவள் ஓர் ஓரத்தில் வந்தாள், நான் ஓர் ஓரத்தில் போனேன். என்மேல் பட்டுவிடாமல்தான் நடந்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வெயில் அவளையும் உள்ளே உள்ளே தள்ளியது. அது பெரிய குடையாக இருந்ததால் இரண்டு பேருக்கும் போதுமாக இருந்தது. பூப்போட்ட ஜப்பான் குடையை வாங்கியிருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். கேப்பை எந்திரம் மறுபடி நின்றது. பெரிய வீட்டு அம்மாளின் தலைக்கு மேலே இருக்கிற குடையை மடக்கு என்று எவர் சொல்வார்? ஆண்டை முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். வாசலில் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, "அவரு கெடக்காரு. நீ தெனம் இப்பிடியே வா" என்றாள்.

தினமும் அப்படியே போனேன். பிள்ளையின் தொப்புள் காய்ந்து விழுந்த பிறகு ஒரு நாள், அந்த வாசலில் வைத்தே முடிச்சை அவிழ்த்தேன்.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். வேறு வீடுகளில் முணுமுணுத்தார்கள். ஆண்டை சொன்ன சொல் மாறவில்லை, அந்தப் போகத்துக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க அப்பாவைக் கூப்பிடவில்லை. அப்பா வாரக்கணக்கில் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய், தண்டவாளம் பராமரிக்கிற வேலையில் சேர்ந்தார். மாசம் பிறந்தால் சம்பளம், யாருக்கும் ஆண்டை என்று சொல்லவேண்டாம். சேர்ந்த பிறகு ஒரு சுற்றுப் பெருத்தார். எங்கள் தெருவில் பலர் பிற்பாடு அவர் போன வழியிலேயே போனார்கள். மரத்தடியில் கிடந்த செருப்புகளும் ஒவ்வொரு ஜோடியாகக் குறைந்தன.

பாயிடம் போய் அப்பாவுக்கும் ஒரு குடை வாங்கினேன். என்னுடையதைப் போலவே பிரம்புப் பிடி, பெரியது. "இப்பதான் ஆம்பளக் கொடைய ஆம்பளைக்கு வாங்கற" என்றார் பாய். அப்பா அதை எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போவார், ஆனால் விரிக்கமாட்டார். மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். ஒரு ஐப்பசி மாசம் விழுப்புரத்தில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஸ்டேஷன் ரோட்டில் கொட்டுகிற மழை. எதிரே அப்பா வந்தார். தலையிலிருந்து கால்வரை தொப்பலாக நனைந்து, கக்கத்தில் குடையைப் பத்திரமாக இடுக்கிக்கொண்டு வந்தார்.

"நைனா! கொடைய விரிக்கறதுதானே?"

அவர் கக்கத்தைக் குனிந்து பார்த்தார். அங்கே குடை இருப்பதே அப்போதுதான் தெரிந்த மாதிரி பார்த்தார். சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். அது விழுப்புரம், யார் யாரோ குடையோடு போய்க்கொண்டிருந்தார்கள், அவரைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. மெதுவாக விரித்தார். மழை துணியில் விழுந்த சத்தத்துக்குச் சிரித்தார். நல்ல பல் வரிசை அவருக்கு, வெளியில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னையும் அதற்குள் இழுத்துக்கொண்டு, "நல்லாத்தான் கீது" என்றார்.

அப்புறம் சண்டை வந்தது. ஜப்பான் சாமான் வருவது நின்றது. பாயின் தம்பிகள் சைகோனிலேயே தங்கிவிட்டார்கள், பாய் கடையைக் கட்டிவிட்டுக் கோட்டக்குப்பத்துக்குப் போய்விட்டார். சுங்கச் சாவடியும் போயிற்று, பாண்டிச்சேரியிலிருந்து மூன்று சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இப்போது இல்லை. என் பெரிய குடைக்கு மூன்று தடவை துணி மாற்றினேன். கடைசியில் திண்டிவனம் பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கிவிட்டேன். எந்த மகராசி கையில் இருக்கிறதோ. அப்பா இல்லை. கடியாரம் ஓடவில்லை, ஆனால் பீரோவில் இருக்கிறது. முடிச்சுக் கயிறு ஒரு முடிச்சும் இல்லாமல் அதோடு இருக்கிறது.

புங்கமரமும் இல்லை. தார் ரோடு போட்டபோது வெட்டிவிட்டார்கள். அந்தக் காலம் மாதிரி வருமா என்று உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், உங்களுக்குத் தெரியும். அந்த மரத்தின் நிழல் நல்ல நிழல்தான். இருந்தாலும் அது போனதில் எனக்கு ஒரு சொட்டு வருத்தம் கிடையாது. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு அந்தத் தெரு வழியாக நடந்தேன். மரம் இருந்த இடத்துக்கு வந்ததும் என் கை குடையின் கழுத்துக்குப் போய்விட்டது. இத்தனை வருஷம் கழித்தும்! எனக்கு முன்னால், எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் ஒரே குடையில் சினிமாக் கதை பேசிக்கொண்டு போனார்கள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. சும்மா விரித்துப் பிடித்திருந்தார்கள். அங்கே ஒரு மரம் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

கடைக்காரப் பெண் திரும்பி வந்து, "என்னாம்மா, புடிச்சிருக்கா?" என்று கேட்டாள். காசைக் கொடுத்தேன். மடக்கி உறையில் போட்டுத் தருகிறேன் என்று கையை நீட்டினாள். வேண்டாம் என்றேன். விரித்தபடியே பிடித்துக்கொண்டு விழுப்புரம் கடைத்தெரு முழுக்க நடந்து பஸ் ஏறப் போனேன். கண்டக்டர், "கொடைய மடக்குங்கம்மா, பஸ்ல ஏறணுமில்ல" என்றார். மடக்கத் தெரியாதுப்பா என்றேன்.